கழற்றிய கேப்போ

அவள் கேப்போவைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள்.

கிட்டாரின் கழுத்தைக் கவ்வியிருக்கும் சின்னக் கிளிப் அது. மாட்டினால் சுருதி ஏறும். கழற்றினால் இறங்கும். அவ்வளவுதான்.

அரங்கம் அதைக் கவனிக்கவில்லை. "சங்கு! சங்கு!" என்று கத்திக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. எண்ணூறு பேர்.

'மஞ்சள் லாரி' குழுவை ஊருக்கெல்லாம் தெரியவைத்த பாட்டு 'சங்கு'. மில்லில் ஷிப்டுக்கு ஊதும் சங்கு. பாடியவன் ரெக்ஸ். பன்னிரண்டு வருடம் அவன் மேடை நடுவில் குதித்தான். அவள் இடது ஓரத்தில் நின்று வாசித்தாள்.

எழுதியது அவள். மெட்டுப் போட்டதும் அவள்.

குழுவை விட்டு வந்து அவள் தனியாக ஏறிய முதல் மேடை இது. இன்று நடுவில்தான் நிற்கிறாள்.

நின்று என்ன?

ரசிகர் மன்றச் செயலாளர் லோகநாதன் மைக்கைப் பிடித்து எப்படி அறிவித்தார் தெரியுமா?

"அடுத்ததா, நம்ம ரெக்ஸ் அண்ணனோட பாட்டை நமக்காகப் பாடப்போறாங்க..."

ரெக்ஸ் அண்ணனோட பாட்டு.

இது மூன்றாவது. மூன்றுக்கும் அதே அறிவிப்பு. அவர் கையிலிருந்த தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. ஆறு பாட்டு. ஆறுக்கும் எதிரே ஒரே பெயர்.

கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். காலையில் ரயிலடிக்கு வந்து, அவளுடைய கிட்டார் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தவர். நாற்பது வயதுத் தொப்பையில் மஞ்சள் லாரி பனியன். வீடியோ பார்த்துப் பார்த்து, அவள் விரல் எந்தப் பாட்டுக்கு எங்கே நிற்கும் என்று மனப்பாடம்.

அதனால்தான் ஓடி வந்தார். கையில் கேப்போ.

"அக்கா, இத மாட்ட மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க."

அவள் அதைப் பார்த்தாள்.

"மறக்கலீங்க. அது ரெக்ஸ் தொண்டைக்குப் போட்டது."

மைக் திறந்திருந்தது. எண்ணூறு பேருக்கும் கேட்டது.

அவள் தொடங்கினாள்.

கூடவே பாடிய கூட்டம் பழைய உயரத்துக்குத் தாவியது. பாட்டு அங்கே இல்லை. கீழே இருந்தது, அவள் குரலில், எழுதிய அன்று இருந்த இடத்திலேயே.

பாவம், பிள்ளைகள். தேடினார்கள். ஒரு குரல் நின்றது. இன்னொன்று நின்றது.

பிறகு இரண்டாம் சரணம்.

அது யாருக்கும் தெரியாது. ரெக்கார்டில் இல்லை. 'இதைப் பாடினா கூட்டம் உட்கார்ந்துடும்' என்று ரெக்ஸ் வெட்டி எறிந்தது.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போன அவளுடைய அப்பா. பூட்டிக் கிடந்த மில் கேட்.

*தூக்குவாளிச் சோறு ஆறலையே*
*பூட்டு மட்டும் சில்லுன்னு இருக்கே*
*மணி எட்டாச்சு*
*சங்கு ஊதலையே*

அவள் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வரியையும் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை முகம் முகமாகப் பார்த்துப் பாடினாள். கெஞ்சவில்லை. கேட்டாள்.

கூட்டம் உட்கார்ந்தது.

ரெக்ஸ் சொன்னது சரிதான்.

பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை.

லோகநாதன் மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஓரத்தில் அப்படியே குந்தியிருந்தார். இடது கையில் இன்னும் அந்தக் கேப்போ. ரெக்ஸ் பெயர் அச்சான தாளை முழங்காலின் மேல் விரித்து வைத்து நீவினார்.

மார்பைத் தடவினார். பனியனில் ஏது பை?

முன்வரிசையைப் பார்த்துக் கை நீட்டினார்.

"ஏனுங்க, ஒரு பேனா இருந்தாக் குடுங்களேன்."