குகை வாசலில் ரம்மி

நரி கதை சொல்ல, முயல் அதில் வீரனாக நடிக்கும் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பூதத்தின் குகைக்குள் இளவரசி அடைபட்டுக் கிடந்தாள்.

"வாசலுக்கு வந்துட்ட. உள்ளே போறியா?" என்று கேட்டது நரி.

"சகுனம் பார்க்காமலா?" முயல் சீட்டுக்கட்டை எடுத்து பக்கத்தில் இருந்த ஓணானோடு ரம்மி போட்டது. ஜெயித்தால் உள்ளே போகலாம்.

முதல் ஆட்டத்தில் முயல் தோற்றது. "இது சும்மா கை பழக," என்றது. இரண்டாவதிலும் தோற்றது. மூன்றாவதில் ஜெயித்ததும் ஓணானை முறைத்தது. "நீ விட்டுக்கொடுத்துட்ட. செல்லாது, மறுபடி போடு."

ஓணான் தலையாட்டியது.

ஏழாவது ஆட்டத்தில் நரி கொட்டாவி விட்டது. "பூதம் கிழமாகிச் செத்தே போச்சு. இளவரசி தானே கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கிறா. வீட்டுக்குப் போலாமான்னு கேக்கிறா."

"போலாமே!" முயல் துள்ளி எழுந்தது. பிறகு மெல்ல உட்கார்ந்து சீட்டைக் கலைத்தது. "அவளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லு. கிளம்ப நேரம் நல்லாயிருக்கான்னு ஒரே ஒரு ஆட்டம்."