மாப்பிள்ளைக்கு ஒரு மண்தடம்

"இன்னும் ஒரு முழம் ஏத்துங்க மாமா. இது மேடா, தலையணையா?"

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்காமலேயே சொன்னான்.

பெரியவர் குனிந்தார். ஈரக் களிமண்ணை மண்வெட்டியால் அள்ளி மேட்டின் தலையில் அப்பி, அடித்து இறுக்கினார்.

மகள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் காடு. அதற்குள், மேடு பள்ளங்களில் தாவிப் போகும் டர்ட் பைக் ஓட்ட ஒரு தடம் வேண்டும் என்று மாப்பிள்ளை வாய்திறந்து கேட்டதும், "அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்று முந்திக்கொண்டவர் அவர்தான்.

புதர் வெட்டி, வேர் பறித்து, பள்ளம் நிரவி, மரங்களுக்கு நடுவே தடம் நீண்டது. மாப்பிள்ளை முதல்நாள் மட்டும் முதுகு வளைத்தான். உள்ளங்கை கொப்புளித்ததும் மேற்பார்வைக்கு மாறிக்கொண்டான்; அதுவும் மேட்டுக்கு இந்தப் பக்கமே, வண்டியில் உட்கார்ந்தபடி.

மாமனார் என்றால் இவரல்லவா மாமனார் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள்.

பெரியவர் வேலை பார்த்த காலமெல்லாம் சாலை போட்டவர். அவர் போட்ட சாலையில் ஒருவன் விழுந்தான் என்று பேச்சு வந்ததில்லை. வீட்டு விஷயமும் அப்படித்தான். தெருவில் விழ விட்டதில்லை.

மகளின் மணிக்கட்டு முறிந்தபோது, குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்று நாலு பேருக்குச் சொன்னவர் அவர். உதடு கிழிந்தபோது, கதவு இடித்துவிட்டது என்று சொன்னவரும் அவர்தான். இரண்டுக்கும் மகள் தலையாட்டினாள். காதும் காதும் வைத்ததுபோல் முடிந்தது.

பிறகு ஒருநாள் அவள் கழுத்தில் ஐந்து விரல்களின் தடம் பார்த்தார்.

அதற்குச் சொல்ல அவரிடம் பொய் இல்லை.

காவல் நிலையப் படி மிதித்த குடும்பம் இல்லை அது. வாழாவெட்டி என்ற சொல் தன் வாசலில் விழவும் அவர் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கமும் கிடையாது. வாயில் 'வாங்க, போங்க' என்றே வரும். மனசுக்குள் மட்டும் அவன் எப்போதோ 'அவன்' ஆகிவிட்டிருந்தான்.

அடுத்த தடவை மகள் பிழைக்கமாட்டாள். அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த வாரம்தான் மாப்பிள்ளை தடம் கேட்டான்.

சாலை போடுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இது: மேட்டை ஒட்டி வளைவு வைக்கக் கூடாது. ஏறி வருகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது.

பெரியவர் வைத்தார்.

மேட்டுக்கு அப்பால் இறக்கமே இல்லை. சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிட்டிருந்தார். தடம் அங்கேயே சட்டென்று இடது பக்கம் ஒடிந்தது. நேர் எதிரே, இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரம். வெட்டியிருக்க வேண்டிய மரம். "வேரு ஆழமாப் போகுது, அப்புறம் பாக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விட்டுவைத்தார்.

வேலை நடந்த நாளெல்லாம் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மேட்டைத் தாண்டி மட்டும் அவளை வரவிடமாட்டார்.

"அங்க பாம்பு கிடக்கும்மா. நீ போ."

அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது. நாளைக்கு யார் கேட்டாலும் அவள் நிஜமாகவே தெரியாது என்று சொல்ல வேண்டும். பாவம் இந்த இரண்டு கைகளோடு நிற்கட்டும் என்று இருந்தார்.

இன்று எல்லாம் முடிந்தது.

"ஒரு தடவை நடந்து பாத்துடுங்க மாப்பிள்ளை. புதுத் தடம்னா எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க" என்றார். கேட்கமாட்டான் என்று தெரிந்தேதான் சொன்னார்.

"நடந்து பாக்க நான் என்ன சர்வேயரா?" மாப்பிள்ளை சிரித்தான். அவனுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்த மனைவியைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. "மொதல்ல உங்க பொண்ணை விடுவோமா மாமா? கல்யாணத்துக்கு முன்னாடி பைக் பந்தயத்துல எல்லாம் கலக்கினவங்களாச்சே. நான் நிப்பாட்டினதுல ஊருக்கே நஷ்டமாம்."

"அவ வேண்டாம்!"

குரல் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவர் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளையின் கண் சுருங்கியது. மேட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"ஏன் மாமா? அப்படி என்ன இருக்கு அந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கினான். பத்தடி நடந்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் மகள் இருக்கப்போகும் இரவை அவர் நினைத்துப் பார்த்தார்.

"அப்பாவுக்கு நான் வண்டியைத் தொட்டாலே ஆகாது. அதான் கத்துறார்" என்றாள் மகள்.

கணவனின் தலையில் ஹெல்மெட்டை மாட்டினாள். குழந்தைக்குப் பொத்தான் போடுவதுபோல் தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, இழுத்தும் பார்த்தாள்.

"காலைல நீங்க தூங்கறப்பவே நான் போய் நடந்து பாத்துட்டு வந்துட்டேன்."

பெரியவர் நிமிர்ந்தார். மகள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"மேடு தாண்டினா நல்ல நீளமான இறக்கம். மரமெல்லாம் தள்ளித்தான் இருக்கு. மெதுவாப் போனீங்கன்னாதான் கவுந்துடும். முழு வேகத்துல போங்க."

சொல்லிவிட்டு, வண்டிக்கு வழிவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.