பூஜ்யம் அழிந்த நாள்

"ரிஜெக்ட் பண்ணிட்டாளாம்யா! உன் பொண்ணு உன் கிட்டாரையே ரிஜெக்ட் பண்ணிட்டாளாம்!"

பெயிண்டர் ஓடிவந்த வேகத்தில் கையிலிருந்த ஸ்ப்ரேயைக்கூட கீழே வைக்கவில்லை. மாஸ்டர் நிதானமாகக் கை துடைத்துக்கொண்டார். "சரி, வா. போய்ப் பார்ப்போம்."

அந்த கிட்டார் தொழிற்சாலையின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. யார் செய்த கிட்டார் எத்தனை முறை சோதனையில் தேறாமல் திரும்பியது என்று அதில் எழுதுவார்கள். மாஸ்டருக்கு நேரே இருபத்திரண்டு வருடமாகப் பூஜ்யம்தான். வாங்க வருகிறவர்களை மேனேஜர் முதலில் அந்தப் பூஜ்யத்தின் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

மூன்று மாதம் முன்பு மாஸ்டரின் மகள் கடைசிச் சோதனைக்குப் பொறுப்பாக வந்தாள். அன்றிலிருந்து ஊர் வாய் சும்மா இல்லை. "அப்பன் செய்யறான், மக பாஸ் போடறா. அந்த முட்டை இனிமே எங்க உடையப்போவுது?" என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். பாவம், அவள் மதியச் சாப்பாட்டைக்கூடத் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

சோதனை அறையில் மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்கறவங்க வர்றாங்கம்மா. பலகையைத்தான் முதல்ல பார்ப்பாங்க. இந்த ஒண்ணைக் கண்டுக்காம விடேன். நானே வாசிச்சுப் பார்த்தேன், தேனா இருக்கு."

"பதினாலாவது ஃப்ரெட்ல வாசிச்சீங்களா சார்?"

கிட்டாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகளில் பதினாலாவதை எட்டி, விரலை அழுத்தி மீட்டினாள். டப்பாவில் மாட்டிய ஈ மாதிரி ஓர் இரைச்சல் வந்தது.

"இது வாங்கினவர் வீட்டுல போய்க் கத்தினா, கெடறது அப்பா பேர் இல்ல சார். கிட்டார் தலையில போட்டிருக்கே, நம்ம கம்பெனி பேரு, அதுதான்."

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்களேன்!"

அவள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்கப்பா."

"எதுக்கும்மா மன்னிப்பு? ரிஜெக்ட் சீட்டைக் கொடு, கையெழுத்துப் போடறேன்."

பலகையில் பூஜ்யத்தை அழித்து ஒன்று எழுதினார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அதிகம் வாயடித்தவனே முதலில் ஒதுங்கி, "வாங்க மேடம்" என்று அவளுக்கு வழி விட்டான்.

பெயிண்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. மாஸ்டரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இருபத்திரண்டு வருஷம்யா! ஒரு தடவைகூட வராத தப்பு இப்ப எப்படி வந்துச்சு? கண்ணு மங்கிடுச்சா உனக்கு?"

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த ஃப்ரெட்டை அரம் போட்டு ஒரு மயிரிழை இறக்கி வச்சதே நான்தான்யா. இனிமே எவனாவது என் பொண்ணைப் பார்த்து வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்!"