உள்ளூர்ச் சரக்கு

"இன்னைக்கு லீவு கிடையாது அங்கமுத்து. போய் வேலையப் பாருய்யா."

"சார், செட்டிகுளம் மலையில தங்கச்சி மவனுக்குக் காது குத்துறாங்க. தாய்மாமன் மடி இல்லாம எப்புடிங்க குத்துவாங்க? ஒம்போதரை பெரம்பலூர் பஸ்ஸ வுட்டா முகூர்த்தம் போச்சு. ரிக்கார்டுல கம்ப்யூட்டர்தானங்க உலையப் பாக்குது? நான் எதுக்கு?"

மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். "வெளிநாட்டு அதிகாரி வர்றார்யா. அரை மணி நேரம். அவர் கார் கேட்டத் தாண்டுனதும் நீ ஓடு."

அங்கமுத்து முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

ரெட்டிபாளையம் பக்கத்து சிமென்ட் ஆலைக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து நான்கு வருஷம். பீரோ உயரம், இரண்டு பீரோ அகலம். உள்ளே நகத்தளவு சிப் ஒன்று. அதைப் பிடுங்கி ரெட்டிபாளையத்தார் அணுகுண்டில் வைத்துவிடுவார்கள் என்று கொடுத்த நாட்டுக்குத் தூக்கமில்லை. வருஷா வருஷம் சோதிக்க ஆள் அனுப்பும்.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். உலைச் சூட்டைக் காட்டும் தாளைப் புரட்டினார். ஸ்கேல் வைத்து இழுத்தது போலக் கோடு நேராக இருந்தது.

"எங்கள் ஊரில் இதே கம்ப்யூட்டர் மாதம் இரண்டு முறை படுத்துவிடுகிறது. இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பொங்கலுக்கு மட்டும் ஓய்வு கேக்கும் சார்."

பெட்டிக்குள் ஏதோ கரகரத்தது.

"என்ன சத்தம்?"

"சிமென்ட் தூசி. அதுக்கு ஒத்துக்காது சார்."

அதிகாரியின் முகம் இறுகியது. "எங்கள் சிப்புக்கு இவ்வளவு துல்லியம் வராது. நாங்கள் தடை செய்த புது சிப்பை யாரிடம் வாங்கினீர்கள்?"

"சத்தியமா உள்ளூர்ச் சரக்கு சார்!"

"பொய். பெட்டியைத் திறங்கள்."

"தயாரிச்ச கம்பெனி இன்ஜினியர் தவிர யாரும் திறக்கக் கூடாதுன்னு உங்க ஒப்பந்தமே சொல்லுதே சார். நீங்களும் திறக்க முடியாது."

அதிகாரி ஒப்பந்தத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு பெட்டிக் கதவில் கம்பி சுற்றி, அரக்கு உருக்கி, தன் நாட்டு முத்திரையைப் பதித்தார்.

"எங்கள் இன்ஜினியர் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் சீல் உடைந்தால், உங்கள் நாட்டுக்கு இனி ஒரு ஆணிகூட வராது."

கார் கேட்டைத் தாண்டியது. கிருஷ்ணமூர்த்தி அரக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

இரண்டு வருஷம் முன்பு சிப் கருகி, கேட்டால் குண்டு செய்யவா என்பார்கள் என்று புதியது கேட்காமலே மறைத்த நாளிலிருந்து, பெட்டியின் முதுகில் பதித்த நீலக் கண்ணாடி வழியே உலைத் தீயைப் பார்த்துப் பார்த்தே உலையை ஓட்டிவரும் அங்கமுத்து, பெட்டிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"கார் போயிடுச்சுங்களா சார்? கதவத் தொறங்க, பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான்!"