பட்டியலில் ஃபராஸ்

"இலவசமா குடுக்கிறதை வேணாம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதாம்மா!"

ராஜகோபாலன் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வீடு அரசு இணையம் கொடுக்கும் திட்டத்துக்கு மயிலாப்பூர்ப் பகுதிப் பொறுப்பாளர். நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை விழா. 'நூறு சதவீதம் நிறைவு' என்று பேனர் அடித்துக் கட்டியும் ஆயிற்று. பேனருக்கும் உண்மைக்கும் நடுவில் இப்போது நிற்பது இந்தக் குடியிருப்பின் முதல் மாடி ஜஹீதா மட்டும்தான்.

"மாசம் ஐந்நூறு ரூபா தண்டம் அழறீங்க. பழைய வைஃபை பெட்டியைக் கழட்டிட்டு இதை மாட்டினா காலம் பூரா ஓசி. ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான், அது ரூல்ஸ்."

"இருக்கட்டும் சார். நாலு ஜாக்கெட் அதிகமா தச்சிட்டுப் போறேன்." தையல் மெஷினை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை.

"அப்படி என்னம்மா இருக்கு அந்தப் பழைய பெட்டியில?"

"எம் பையன் ஃபராஸ் கீறான் சார்."

ராஜகோபாலன் விழித்தார்.

"ரெண்டு வருஷம் முந்தி இவரோட சண்டை போட்டுக்கினு பெங்களூர் போனான்." வாசலோரம் நின்ற கணவர் ஹபீபுர் ரஹ்மானைத் தாடையால் காட்டினாள். "சிம்மையும் மாத்திட்டான். இப்ப இங்கதான் எங்கியோ கீறான். வெள்ளிக்கிழமையானா தெரு வரைக்கும் வரான்."

"பாத்தீங்களா?"

"எங்க வைஃபைல யார் யார் போன் சேந்துகினு கீதுன்னு என் போன்ல இந்தப் பட்டியல்ல தெரியும் சார். அவன் கீழ வந்து நின்னா போன் தானா சேந்துக்கும். 'ஃபராஸ்'னு பேர் விழும். பத்து நிமிஷம். அப்புறம் பூடும்."

"இறங்கிப் போய்ப் பிடிக்கிறதுதானே?"

"ஒரு தபா ஓடினேன். ஆளில்ல. நெஞ்சைப் பொளந்து ஆபரேஷன் பண்ண உடம்பு, அதோட படுத்துட்டேன். துரத்தினா வரதையும் நிறுத்திடுவான்னாரு இவரு." தையல் வேகமாக ஓடியது. "இவர் வீட்ல இருந்தா அவன் வரவே மாட்டான் சார். இவர் வெளிய போற நேரமா பாத்துதான் வருவான். பெத்த அப்பன் மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு அவ்ளோ ரோஷம்!"

ஹபீபுர் ரஹ்மான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுப் பெட்டிக்கும் அதே பேரு, அதே பாஸ்வேர்டு வெப்பீங்களா சார்?"

"திட்டத்தோட பேருதாம்மா இருக்கணும். அரசாணை!" அந்தப் பெயரை முடிவு செய்ய ஒரு கமிட்டி ஏழு முறை கூடி முந்திரி பக்கோடா சாப்பிட்டிருந்தது.

"அப்ப எடுத்துக்கினு போங்க சார்."

ராஜகோபாலன் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க, பாய்."

"அவ சொன்னா சரி சார். வாங்க, டீ சாப்பிடலாம்."

படியிறங்கும்போது ராஜகோபாலன், கேட்க ஆள் கிடைத்தால் விடாத தம் வழக்கப்படி, உபதேசத்தை ஆரம்பித்தார். "தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நீங்க கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா பையன் இப்ப வீட்ல இருப்பான். எனக்கும் நூறு சதவீதம் ஆகியிருக்கும்."

"ஆமா சார்," என்றார் ஹபீபுர் ரஹ்மான், ஜிப்பாப் பைக்குள் கையை விட்டபடி.

வாசலை அடைந்து சற்றைக்கெல்லாம் மேலே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

"வந்துட்டான்! எம் புள்ள வந்துட்டான்!"

ராஜகோபாலன் பரபரப்பாகத் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். ஒரு தண்ணீர் லாரியும் அதன் பின்னால் குடங்களும்தான் நின்றன.

"எங்கய்யா உங்க பையன்?"

ஹபீபுர் ரஹ்மானின் உள்ளங்கையில் கண்ணாடி நொறுங்கிய போன் ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"பெங்களூர்ல அவனை அடக்கம் பண்ண அன்னிக்கு போலீஸ்ல இதைக் குடுத்தாங்க சார், அவ ஆஸ்பத்திரியில இருந்தா, சொல்லல."