சற்றே தேறியிருக்கிறான்

நமூங்கா கைபேசியில் 'எ லிட்டில் பெட்டர்' என்று அடித்தாள். அனுப்பவில்லை.

நாலாம் கட்டிலில் சூல்வே படுத்திருந்தான். இரண்டு வயது. மூக்கில் குழாய். கட்டிலுக்கு அடியில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றுதான். காற்றை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய் போன மாதமே உடைந்துவிட்டது.

வார்டு வாசலில் இன்னொரு குழந்தை. பக்கத்து வீட்டு பினா லுயாண்டோ அதை முதுகுத்துணியிலிருந்து அவிழ்த்து மார்போடு அணைத்தபடி நின்றாள். மூச்சுக்கு மூச்சு அதன் விலா குழிந்து எழுந்தது.

நமூங்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் ஹமலாம்போ கிராமங்களைப் பார்க்கப் போயிருந்தார். போனில் அவர் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது.

"நாலாம் கட்டில் பையன் எப்படி இருக்கான்னு ஒரே வரி எழுதி அனுப்பும்மா. தேறியிருந்தா மெஷினைக் கழட்டி புதுப் பிள்ளைக்குப் போட்டுடலாம். இங்கிலீஷைப் பார்த்து எழுது!"

அவர் அப்படிச் சொன்னதன் காரணம் அவளுக்குத் தெரியும். மழை தொடங்கிய வாரத்தில் ஒரு நர்ஸ் 'எ'யை விட்டு எழுதியதற்கு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தார்.

'எ லிட்டில் பெட்டர்' என்றால் சற்றே தேறியிருக்கிறான். 'எ' இல்லாமல் வெறும் 'லிட்டில் பெட்டர்' என்றால், தேறினான் என்று சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் சூல்வே இரண்டு வாய் சோளக்கஞ்சி குடித்தான். அது தேறியதுதானே?

ஆனால் குழாயை எடுத்துப் பார்த்தபோது, விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு ஒரே நிமிடத்தில் எண்பத்து நான்குக்கு இறங்கிவிட்டது; தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. நேற்று எண்பத்து மூன்று.

ஒரு புள்ளி கூடுதல். 'எ' போட்டு எழுதினால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

சூல்வேயின் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. நமூங்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, நல்லதாத்தானே எழுதுறீங்க?"

வாசலில் அழுகை பாதியில் அறுந்தது. அழவும் மூச்சு வேண்டும்.

நமூங்கா 'எ'யை அழித்தாள். அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. மெஷினை எடுக்காதே. புதுக் குழந்தையை வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

நாற்பது கிலோமீட்டர். வண்டியில் இருக்கும் சின்ன சிலிண்டர் பாதி வழிக்குத் தாங்கும்.

பரிந்துரைச் சீட்டை எழுத உட்கார்ந்தாள். குழந்தையின் பெயர், வயது, எத்தனை நாளாகக் காய்ச்சல். பினா லுயாண்டோவிடம் எதையும் கேட்காமலே எழுதினாள்.

'தாயின் பெயர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

வார்டில் வேறு நர்ஸ் இல்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபோது, அவள் சூல்வேயின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.