பொய்ச் செங்கல்

புற்றுநோய் வார்டில் பெரிய டாக்டர், மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு பிரமுகர்களுக்கு விளக்குகிறார். "செல் பெருக டிஎன்ஏ வேணும். அதுக்கு நியூக்ளியோடைடுதான் செங்கல். நம்ம மருந்து புற்றுநோய் செல்லுக்குப் பொய்ச் செங்கலைக் கொடுத்து ஏமாத்தும். எதிரியை மட்டும்தான் அடிக்கும்!" கைதட்டுகிறார்கள். கம்பி ஆட ஆடக் குழாய் நோயாளியின் கையை இழுக்கிறது. அவர் கடைவாயில் ரத்தம் கலந்த எச்சில் நூலாய் வழிய, மனைவி துண்டால் ஒற்றுகிறாள். "ஐயா, இந்த மருந்து ஏத்தினதுலேருந்து இவருக்கு வாயெல்லாம் புண்ணு. தண்ணிகூட இறங்கல. இன்னிக்கு நிறுத்தி வைக்கலாமா?" "முதல்ல போட்டோ எடுத்துடலாம்மா," என்கிறார் டாக்டர். "அவரைச் சிரிக்கச் சொல்லுங்க." நோயாளி பணிவாக வாயைத் திறக்கிறார். தோலுரிந்த நாக்கு, அழுகல் வாடை. பிரமுகர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள், போட்டோக்காரர் கேமராவை இறக்குகிறார். டாக்டரின் புன்னகை மட்டும் இறங்கவே இல்லை. "வாயை மூடிக்கிட்டே சிரிக்கச் சொல்லுங்கம்மா."